வலது பாடுகிறது, இடது முரண்டு பிடிக்கிறது: பழைய ஆம்ப்ளிஃபயரில் தையல் எண்ணெய் விட்டுவிட்டேன்

கத்தரியும் ஊசியும் எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தில் சிறிய தையல் கடை வைத்திருக்கிறேன். மின்னணு அறிவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. தையல் இயந்திரத்தின் மோட்டாருக்குக் கார்பன் மாற்றத் தெரியும், அவ்வளவுதான்.

சென்ற மாதம் ஒரு காயலான் கடைக்குப் பித்தளைக் கொக்கிகள் தேடிப் போனேன். அங்கே தகர டப்பாக்களுக்கு நடுவில் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் கிடந்தது. வெள்ளி நிற முகப்பு, இரு பக்கமும் மரப்பலகை, நடுவில் முள் ஆடும் மீட்டர்கள் இரண்டு. ஜப்பானில் செய்தது என்று பின்தகட்டில் இருக்கிறது. கடைக்காரர் அதை உடைத்துச் செம்பு எடுப்பதற்காக ஒதுக்கி வைத்திருந்தார். 2,800 ரூபாய் சொல்லி 2,500க்கு இறங்கினார். மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுத் தராசில் ஒன்பது கிலோவுக்கு மேல் காட்டியது.

மின்சாரம் கொடுத்ததும் விளக்கு எரிந்தது. நாலைந்து நொடி கழித்து உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பேசியில் இருந்து பாட்டு விட ஒரு கம்பி வாங்கியிருந்தேன். பின்னால் ஃபோனோ என்று எழுதிய துளைகளைப் பார்த்து, போனுக்கானதுதான் போலும் என்று அதில் செருகினேன். குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் கத்துவது போல் இருந்தது. பிறகு பக்கத்திலிருந்த ஆக்ஸ் துளையில் செருகியதும் பாட்டு பாட்டாக வந்தது.

ஆனால் வலது ஸ்பீக்கரில் மட்டும். இடது ஊமை. ஒலியை நன்றாக ஏற்றினால் திடீரென்று இடதும் பேசத் தொடங்குகிறது. குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் கரகரத்து, தேய்ந்து, மறுபடி ஊமையாகிவிடுகிறது. ஓசை நின்றாலும் இடது மீட்டரின் முள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்பீக்கர்களை இடம் மாற்றிப் பார்த்துவிட்டேன், இரண்டும் நல்லவைதான். கைப்பேசிக் கம்பியின் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றிச் செருகியும் பார்த்தேன். அப்போதும் இடதுதான் நிற்கிறது.

வால்யூம் குமிழைத் திருப்பினால் தகரத்தில் மணல் கொட்டுவது போல் ஒரு ஓசை வேறு. இயந்திரத்தில் கீச்சென்று சத்தம் வந்தால் நாங்கள் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். அந்தப் பழக்கத்தில் குமிழைக் கழற்றி, அச்சின் வழியாக இரண்டு சொட்டுத் தையல் எண்ணெய் விட்டேன். ஒரு நாள் நன்றாக இருந்தது. இப்போது முன்னைவிட மோசம்.

என்னிடம் இருப்பவை ஒரு மல்டிமீட்டர், ஒரு 25 வாட் சால்டரிங் அயர்ன், பொறுமை. எங்கிருந்து தொடங்குவது?


டெசிபல் எழுதியது:

நாற்பது வருடத்துப் பொருள். மின்சாரத்தைத் தேக்கி வைக்க உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் எல்லாம் உலர்ந்திருக்கும். ஒன்றொன்றாகத் தேடிக்கொண்டிருக்காமல் முழுவதையும் மாற்றிவிடுங்கள். எந்த மாடல் என்று சொன்னால் பட்டியல் போட்டுத் தருகிறேன், நாற்பது ஐம்பது எண்ணிக்கை வரும். கூடவே ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களையும் புதிதாகப் போட்டுவிட்டால் இன்னும் பத்து இருபது வருடம் கவலையில்லை. சென்னை ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும்.


மலைக்கோட்டை வால்வு எழுதியது:

தம்பி, முதல் வேலையாக அந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள்.

திருச்சியில் 1976இல் ரேடியோ வேலைக்குச் சேர்ந்தவன் நான். வால்வு ரேடியோ, டேப்ரிக்கார்டர், மைக் செட் என்று பார்த்துவிட்டு, கண் மங்கத் தொடங்கியதும் கடையை மூடினேன். என் வாத்தியார் முதல் ஆறு மாதம் சால்டரிங் அயர்னைத் தொடவே விடவில்லை. வருகிற செட்டைத் திறந்து தூரிகையால் தூசி தட்ட வேண்டும். வாடிக்கையாளர் சொன்ன குறையை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். இவை இரண்டுதான் என் வேலை. சீட்டு எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருக்கும். "ஓசை நின்றாலும் முள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, பழுது இருக்கும் இடத்துக்கு அதுதான் விலாசம்.

இந்த மாதிரி செட்களில் பெரும்பாலும் மீட்டருக்கான கம்பி பவர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து போகும். முள் ஆடுகிறது என்றால் இடது பக்கச் சுற்று கடைசி டிரான்சிஸ்டர் வரை வேலை செய்கிறது. அதைத் தாண்டி ஸ்பீக்கருக்குப் போகும் வழியில்தான் அடைப்பு. அந்த வழியில் இருப்பவை இரண்டே: 'டக்' என்று சொல்லும் ரிலே (மின்சாரத்தால் தானே மூடித் திறக்கும் சுவிட்ச்), ஏ, பி என்ற இரண்டு ஜோடி ஸ்பீக்கர் துளைகளில் எது என்று தேர்ந்தெடுக்க முகப்பில் இருக்கும் சுவிட்ச். ஓசையை ஏற்றினால் பேசுகிறது, குறைத்தால் மங்குகிறது என்பதும் அதற்கே சாட்சி. முனைகளில் கறுப்பு படிந்திருக்கும். சிறிய மின்னோட்டம் அதைத் தாண்டாது, பெரியது உடைத்துக்கொண்டு போகும்.

ஸ்பீக்கர்களை பி துளைகளுக்கு மாற்றி, சுவிட்சையும் பி பக்கம் திருப்பிக் கேளுங்கள். குறை போய்விட்டால் சுவிட்ச் குற்றவாளி. போகவில்லை என்றால் ரிலே, ஏனென்றால் ஏ, பி இரண்டுக்கும் அது பொது.

மூடியைத் திறப்பதற்கு முன் சில விஷயங்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம். மோதிரம், உலோகப் பட்டை வைத்த கடிகாரம் இருந்தால் கழற்றுங்கள். உள்ளே தம்ளர் அளவில் இரண்டு பெரிய கண்டென்சர்கள் நிற்கும், டெசிபல் தம்பி கெபாசிட்டர் என்றது இதைத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் முப்பது, நாற்பது வோல்ட் தங்கியிருக்கலாம். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடும் வீரர்கள் உண்டு, ஸ்குரூ டிரைவரின் முனைதான் உருகும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் உறையிட்ட கம்பியைப் பற்றவைத்து, ஒவ்வொரு கண்டென்சருக்கும் குறுக்கே ஒரு நிமிடம் பிடியுங்கள். பிறகு மீட்டர் வைத்து, ஒரு வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டதா என்று பாருங்கள்.

அடுத்தது குண்டு பல்பு. 60 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, செட்டுக்குப் போகும் பேஸ் கம்பியில் தொடராகச் சேருங்கள். எல்இடி உதவாது, இழை எரியும் பழைய பல்புதான் வேண்டும். செட்டைப் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஏதோ ஷார்ட், உடனே நிறுத்திவிடலாம். பல்பு சுமையைத் தாங்கிக்கொண்டதால் செட் பிழைத்தது. திறந்து கை வைத்த எந்தச் செட்டுக்கும் மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது இதுதான் வழி. பல்பு சேர்ந்திருக்கும்போது ஒலியை ஏற்றிப் பார்க்காதீர்கள்.

பல்பு மங்கியதும் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) எவ்வளவு என்று அளந்து பாருங்கள். மீட்டரை 20 வோல்ட்டில் தொடங்கிக் கீழே இறக்குங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. பிறகு பல்பை எடுத்துவிட்டு, சுவர் மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்து ஒருமுறை அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை மாட்டாமல் இங்கே எழுதுங்கள்.

டெசிபல் தம்பி சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்துப் பலகையில் தாமிரப் பட்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும், அதிகச் சூடு பட்டால் தோல் போல் உரிந்து வரும். கை பழகாத ஒருவர் ஐம்பது கண்டென்சரை மாற்றினால் நூறு இடத்தில் சூடு வைக்கிறார். அதில் ஒன்று தலைகீழாகப் போகும், இரண்டில் பட்டை உரியும். வந்தபோது ஒரு பழுது, போகும்போது மூன்று. உப்பியிருப்பதை, கசிந்திருப்பதை மாற்றலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடியில் காபி நிறத்தில் பசை இறுகியிருந்தால் அதைச் சுரண்டி எடுங்கள். வெள்ளையாகத் தடவிய பசை காலப்போக்கில் அப்படி மாறி மின்சாரம் கடத்தும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். அவுட்புட் டிரான்சிஸ்டரை நல்லதாக இருக்கும்போது மாற்றச் சொல்வது, நல்ல பல்லைப் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டுவது. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற எண்களைப் போட்டுச் சந்தையில் விற்பவற்றில் போலி ஏராளம். சந்தேகம் வந்தால் நான் ஒன்றை குறடால் உடைத்து உள்ளே சில்லு எத்தனை பெரிது என்று பார்ப்பேன். மிளகு பாதி அளவு இருந்தால் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

உள்ளே சின்னச் சின்ன ப்ரீசெட்கள், அதாவது அளவு திருத்தும் திருகுகள் இருக்கும், திருகச் சொல்லிக் கூப்பிடும். தொடாதீர்கள்.

ஃபோனோ துளை இசைத்தட்டு முள்ளுக்கானது. அந்த முள் தருவது ஐந்து மில்லிவோல்ட் அளவுதான், அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கும் சுற்று அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கிறது. அது போதாதென்று, இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த கீழ்ச்சுரங்களை அங்கே தூக்கியும் விடும். அதில் கைப்பேசியைச் செருகினால் குடத்துக்குள் கத்தத்தான் செய்யும். கெட்டுப்போயிருக்காது.


கடற்கரை இக்பால் எழுதியது:

பின்தகட்டில் வோல்டேஜ் தேர்வு செய்யும் திருகு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. எங்கள் ஊர் கீழக்கரை. 1982இல் வாப்பா சவூதியிலிருந்து இதே போல் ஒரு வெள்ளி முகப்பு செட்டைக் கொண்டுவந்தார்கள். அங்கே அந்தக் காலத்தில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். செட்டின் பின்னால் இருந்த திருகு 120இல் நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. சுற்றுமுற்றும் உள்ளவர்கள் கூடத்தில் கூடியிருக்க, பிளக்கைச் செருகியதும் ஃபியூஸ் போனது.

அதோடு நின்றிருந்தால் நல்ல செட் பிழைத்திருக்கும். ஃபியூஸ் அதன் வேலையைச் செய்திருந்தது. பக்கத்து வீட்டு மாமா ஒருவர், தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புள்ளவர், ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றினார். அடுத்த முறை டிரான்ஸ்ஃபார்மரே கருகியது. அந்த வார்னிஷ் நாற்றம் பெருநாள் வரைக்கும் கூடத்தில் இருந்ததாக உம்மா இன்றும் சொல்வார்கள்.

உங்கள் செட் ஓடுவதால் 220இலோ 240இலோதான் இருக்கும். 220இல் இருந்தால் 240க்கு மாற்றுங்கள், நம் ஊரில் இரவு நேரத்தில் மின்சாரம் கூடி வரும். ஜப்பானில் உள்ளூருக்கென்று விற்ற செட்கள் 100 வோல்ட்டுக்கு மட்டுமானவை, அவற்றில் இந்தத் திருகே இருக்காது. இணையத்தில் புகைப்படம் பார்த்து வாங்குபவர்கள் பின்தகட்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.


கத்தரியும் ஊசியும் எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆடி முடியும் நேரம், ஆவணி முகூர்த்தத்துக்கு ரவிக்கைகள் குவிந்திருந்தன. இரவு பத்து மணிக்குப் பிறகுதான் செட்டின் பக்கம் உட்கார முடிந்தது.

திருகு 220இல் இருந்தது. எங்கள் தெருவில் இரவு பதினொரு மணிக்கு மீட்டர் 244 காட்டியது. 240க்கு மாற்றிவிட்டேன், இக்பால் பாய்க்கு நன்றி.

குண்டு பல்புக்கு நான்கு கடை ஏறி இறங்கினேன். "இந்தக் காலத்தில் யார் அதைக் கேட்கிறார்கள்" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் கோழிக்குஞ்சு வளர்ப்பவர்களுக்குத் தீவனம் விற்கும் கடையில் கிடைத்தது. செட்டைப் போட்டதும் பளிச்சென்று எரிந்து, மெல்லிய சிவப்பு இழையாக அடங்கியது. டிசி இடதில் 23 மில்லிவோல்ட், வலதில் 14. பல்பை எடுத்த பிறகும் ஒன்றிரண்டுதான் வித்தியாசம்.

பி பக்கம் மாற்றியும் இடது நின்றது. அப்படியானால் ரிலே.

அது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்ட சிறிய பெட்டி. மூடியின் ஒரு பக்கத்தைக் காஜா பிரிக்கும் கத்தியால் மெல்ல நெம்பியதும் கழன்றது. உள்ளே இரண்டு ஜோடி முனைகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்: ஒரு ஜோடி மங்கலான வெள்ளி, இன்னொரு ஜோடி கண்மை தடவியது போல் கறுப்பு. எப்படித் துடைப்பது என்று தெரியாமல் மலைக்கோட்டை ஐயாவுக்குத் தனிச் செய்தி அனுப்பினேன். "உப்புத்தாள் கூடவே கூடாது, முனையின் பூச்சு போய்விடும். தடித்த வெள்ளைத் தாளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து நடுவில் விட்டு, முனைகளை விரலால் லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். கைக்குத் தடவும் சானிடைசர் வேண்டாம், கிளிசரின் இருக்கும்" என்று பதில் வந்தது.

ஆயத்தச் சட்டைகளில் காலருக்கு அடியில் ஒரு வழவழப்பான அட்டை வைத்திருப்பார்களே, அதை மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கினேன். முதல் இழுப்பில் பென்சிலால் கோடு போட்டது போல் கறுப்பு. ஐந்தாவதில் சாம்பல். எட்டாவது துண்டு வெள்ளையாகவே வந்தது. பிறகு நனைக்காத துண்டு ஒன்றை இழுத்துவிட்டு மூடியைப் போட்டேன். சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை.

இப்போது எண்ணெய் விவகாரம். அக்கா மகன் சென்னையில் படிக்கிறான். ரிச்சி தெருவிலிருந்து காண்டாக்ட் கிளீனர் வாங்கி அனுப்பினான். வால்யூம் கன்ட்ரோலுக்கு அடியில் வெள்ளைப் பாப்ளின் துண்டு ஒன்றை விரித்துவிட்டு, அதன் கால்களுக்கு மேலே இருக்கும் சிறு இடுக்கில் அடித்தேன். வழிந்தது பார்க்க வேண்டிய காட்சி: முதலில் என் எண்ணெய், பிறகு கறுத்த குழம்பு. செட் அணைந்தபடியே குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாற்பது முறை திருப்பி, மறுபடி அடித்து, மறுபடி திருப்பினேன். ஓர் இரவு முழுவதும் உலரவிட்டேன்.

நேற்று இரவு ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். கம்பியையும் சுவிட்சையும் சந்தேகித்துக்கொண்டே காதை இடது ஸ்பீக்கருக்கு அருகில் வைத்தேன். மிருதங்கம் அங்கே இருந்தது. இத்தனை நாளும் எனக்கு வயலின்காரர் தனியாக வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒலியைக் குறைத்து வைத்து, ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டி முடிக்கும் வரை கேட்டேன். ஒருமுறைகூட மங்கவில்லை.

இரண்டு சந்தேகம். வால்யூம் குமிழ் முன்பு பாகில் திருப்புவது போல் மெத்தென்று திரும்பும், இப்போது தளர்ந்து சுற்றுகிறது. வலது மீட்டருக்குள் விளக்கு எரியவில்லை. இவற்றை என்ன செய்வது?


டெசிபல் எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். என் செட்டில் நான் முழுவதையும் மாற்றியபோது எல்லாம் நன்றாக அமைந்தது. ஆனால் அதற்கு முன் இரண்டு பழைய பலகைகளில் பழகிக் கெடுத்திருந்தேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மீட்டருக்குள் இருப்பது சிறு இழை விளக்கு. எரிகிற இடது விளக்கின் இரு கால்களில் வோல்ட் அளந்து அதே அளவில் வாங்குங்கள். எல்இடி போட்டால் நீலம் பாரித்து முகப்பின் அழகு போய்விடும்.


மலைக்கோட்டை வால்வு எழுதியது:

காலர் அட்டை எனக்குத் தோன்றியதே இல்லை. நான் நாற்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

குமிழ் தளர்ந்ததற்குக் காரணம், அச்சைச் சுற்றியிருந்த கெட்டி கிரீஸும் உங்கள் எண்ணெயோடும் கிளீனரோடும் கரைந்து வந்துவிட்டது. அந்தப் பாப்ளின் துண்டில் இருக்கிறது பாருங்கள். ஓசைக்குக் கெடுதல் இல்லை, கைக்குச் சுகம் போனது, அவ்வளவுதான். திரும்ப கிரீஸ் வைக்க வேண்டுமென்றால் கன்ட்ரோலைப் பலகையிலிருந்து கழற்ற வேண்டும். இந்த வருடம் வேண்டாம்.

துடைத்த ரிலே ஒரு வருடமும் ஓடும், ஐந்து வருடமும் ஓடும். மறுபடி மங்கினால் புதிது போடுங்கள். பழையதன் மூடியில் காயிலின் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின்) வோல்டேஜ் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 24 டிசி. அதையும், அடியில் கால்கள் இருக்கும் வரிசையையும் ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன் கால்களையெல்லாம் பற்றவைக்க வேண்டியிருக்கும். அதற்குள் காயலான் கடையில் ஒரு கெட்ட ரேடியோ வாங்கிக் கை பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு வேலை பாக்கி. மேல்மூடியின் உட்புறம் சீட்டு ஒட்டினீர்களா?


கத்தரியும் ஊசியும் எழுதியது:

இப்போதுதான் ஒட்டினேன், ஐயா. "இடது ஓசை விட்டு விட்டு வரும், முள் மட்டும் ஆடும். ரிலே முனை துடைத்தது. திருகு 240. வால்யூமில் எண்ணெய் விட்டவன் நான்தான்."